பிற்றும் பைற்றும்: கணினி தரவை எவ்வாறு சேமிக்கின்றது, எவ்வாறு அளக்கின்றது?

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்



இந்த அலகில் புள்ளிகளை இழப்போர் கணக்குத் தெரியாமல் இழப்பதில்லை. இங்கு வருவன பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே. எதை எண்ணுகின்றோம் என்பதைக் கவனியாமல் விடுவதாலேயே இழக்கின்றனர். பிற்றில் கேட்ட வினாவுக்குப் பைற்றில் விடை எழுதுவர். 1024 ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் 1000 ஆல் வகுப்பர். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணிவிட்டு அதுவே பைற்றுகளின் எண்ணிக்கை என்பர். இந்தக் கடைசித் தவறு தமிழில் எழுதும் நமக்கு மிகவும் முக்கியமானது என்பதால் அதைச் சற்று விரிவாகவே பார்க்கப் போகின்றோம்.

பிற்று

கினிகத்தேனையில் இருப்பவர்களுக்கு மின்சாரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. லக்சபான நீர்மின் நிலையம் நமக்குத் தூரமில்லை. ஆனாலும் பலத்த மழையும் இடியும் வந்தால் மின்குமிழ் அணைவதும் நமக்குப் பழக்கமே. மின்குமிழுக்கு இரண்டு நிலைகளே உண்டு: எரிகின்றது, எரியவில்லை. கணினியினுள்ளே இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணிய ஆளிகளும் அவ்வாறானவையே. ஒரு நிலையை 1 எனவும் மற்றைய நிலையை 0 எனவும் குறிக்கின்றோம். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கொள்ளக்கூடிய மிகச் சிறிய அலகே பிற்று எனப்படும். (சில நூல்களில் பிட், பைட் எனவும் எழுதியிருப்பர். இரண்டும் ஒன்றே.) இச்சொல்லை 1948 இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையொன்றில் கிளாட் ஷனன் என்ற அமெரிக்க அறிஞர் பயன்படுத்தினார். சொல்லை உருவாக்கியவர் ஜோன் டூக்கி என்பதையும் அவரே அதில் குறிப்பிட்டுள்ளார்.

ஒரு பிற்றினால் இரண்டு செய்திகளைச் சொல்லலாம். இரண்டு பிற்றுகள் இருந்தால் 00, 01, 10, 11 என நான்கு. மூன்று பிற்றுகள் இருந்தால் எட்டு. ஒவ்வொரு பிற்று கூடும்போதும் எண்ணிக்கை இருமடங்காகும். எனவே 7 பிற்றுகளால் 2⁷ = 128 கோலங்களையும், 8 பிற்றுகளால் 2⁸ = 256 கோலங்களையும் பெறலாம்.

இப்பொழுது ஒரு வினா. தமிழ் எழுத்துகள் 247 ஐயும் வேறுபடுத்திக் காட்டுவதற்கு எழுத்தொன்றுக்குக் குறைந்தது எத்தனை பிற்றுகள் வேண்டும்? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஏழு பிற்றுகள் போதா. 128 உடன் முடிந்துவிடும். எட்டுப் பிற்றுகள் போதும். 256 இல் 9 மிச்சமும் இருக்கும். அப்படியானால் தமிழ் எழுத்து ஒன்றுக்கு எட்டுப் பிற்றுகள் போதுமே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் நடைமுறை வேறு. ஏன் என்று பின்னர் பார்ப்போம்.

பைற்று

8 பிற்றுகள் சேர்ந்தது 1 பைற்று ஆகும். அதன் பாதியாகிய 4 பிற்றுகள் நிபிள் எனப்படும். பதினறும எண் முறைமையின் ஓர் இலக்கம் சரியாக ஒரு நிபிளுக்குள் அடங்குவதால், ஒரு பைற்றை இரண்டு பதினறும இலக்கங்களால் எழுதிவிடலாம்.

பைற்று என்ற சொல் 1956 இல் ஐபிஎம் நிறுவனத்தில் வேர்னர் புக்ஹோல்ட்ஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. ஆரம்பத்தில் ஒரு பைற்று எட்டுப் பிற்றுகளாகவே இருக்கவேண்டும் என்ற விதி இருக்கவில்லை. 1964 இல் அறிமுகமான ஐபிஎம் 360 கணினித் தொகுதியின் பின்னரே எட்டு என்பது நிலைபெற்றது.

ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், நிறுத்தக் குறிகள் ஆகியவற்றுக்கு எண்களை ஒதுக்கிய ஆஸ்கி குறிமுறை 1963 இல் வெளியானது. அது 7 பிற்றுகளைக் கொண்டது. ஆகவே அதில் 128 குறிகளுக்கே இடமுண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ இன் எண் 65 ஆகும். அது பைற்று ஒன்றில் 01000001 எனச் சேமிக்கப்படும். ஆங்கிலத்தில் ஹட்டன் என்று எழுத ஆறு எழுத்துகள் வேண்டும். ஆறு எழுத்துகளுக்கு ஆறு பைற்றுகள். ஆங்கிலத்தில் எழுத்துகளின் எண்ணிக்கையும் பைற்றுகளின் எண்ணிக்கையும் இவ்வாறு ஒன்றாகவே வருவதால்தான் நமக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொள்கின்றது.

ஒரு தமிழ் எழுத்துக்கு எத்தனை பைற்று?

யுனிகோட் பரவும்வரை இலங்கையில் தமிழ்த் தட்டச்சுக்குப் பாமினி என்ற எழுத்துருவே பெரிதும் பயன்பட்டது. வினாத்தாளானாலும் திருமண அழைப்பிதழானாலும் பெரும்பாலும் பாமினிதான். அதன் தந்திரம் எளிமையானது. கணினி சேமிப்பது ஆங்கில எழுத்தின் எண்ணையே. திரையில் மட்டும் ஆங்கில எழுத்தின் உருவத்துக்குப் பதிலாகத் தமிழ் உருவம் காட்டப்படும். ‘தமிழ்’ என்ற சொல்லை எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகள். ஆகவே ஐந்து பைற்றுகள். சிக்கனம்தான். ஆனால் அதே கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் உள்ளே இருந்த உண்மை வெளியே வந்துவிடும்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. அதில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடவோ அகரவரிசைப்படுத்தவோ முடியாது.

யுனிகோட் (ஒருங்குறி) இந்தக் குறையைத் தீர்த்தது. 1991 இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரையான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 128 இடங்களுக்குள் 247 எழுத்துகள் எப்படி அடங்கும்? அடங்கா. ஆகவே உயிர், ஆய்தம், அகரம் ஏறிய மெய், புள்ளி, காற்கொம்பு விசிறி முதலான குறிகள் ஆகியவற்றுக்கு மட்டுமே எண்கள் தரப்பட்டன. மற்ற எழுத்துகள் அவற்றை இணைத்துப் பெறப்படுகின்றன.

‘தமிழ்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். த – 2980. ம – 2990. இகரக் குறி – 3007. ழ – 2996. புள்ளி – 3021. நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறிகள். இலக்கண ஆசிரியரிடம் ‘மி’ ஓர் எழுத்து என்று சொல்லுங்கள். இந்தப் பாடத்தில் அது இரண்டு குறிகள். இரண்டும் சரியே.

இனி இந்த எண்களைப் பைற்றுகளாக எழுத வேண்டும். இணையத்தில் பெரிதும் பயன்படும் முறை யூடிஎப்-8 ஆகும். கென் தொம்சன், ரொப் பைக் ஆகிய இருவரும் 1992 இல் இதனை வகுத்தனர். இம்முறையில் 127 வரையான எண்களுக்கு 1 பைற்று, 2047 வரையான எண்களுக்கு 2 பைற்றுகள், 65535 வரையான எண்களுக்கு 3 பைற்றுகள். தமிழ் 2944 இல் தொடங்குவதால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைற்றுகள் செலவாகும். சிங்களத்துக்கும் அவ்வாறே. அரபு எழுத்துகளின் எண்கள் 2047 க்கு உட்பட்டவையாதலால் அவற்றுக்கு 2 பைற்றுகள் போதும். வரிசையில் எங்கே நின்றோம் என்பதைப் பொறுத்த வேறுபாடு இது. மொழியின் கடினத்தைப் பொறுத்ததன்று.

ஆகவே ‘தமிழ்’ = 5 × 3 = 15 பைற்றுகள். பாமினியில் 5 ஆக இருந்தது மும்மடங்காகிவிட்டது. ‘தேயிலை’ என்பதில் த, ஏகாரக் குறி, ய, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என ஆறு குறிகள், 18 பைற்றுகள். ஆங்கிலத்தில் அதே பொருள் தரும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு 3 பைற்றுகள்.

இதனைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. ஒரு பக்கம் தமிழ் சில ஆயிரம் பைற்றுகள்தான். ஒரு புகைப்படத்தின் முன் அது ஒன்றுமில்லை. ஆனால் ஓரிடத்தில் மட்டும் இந்த வேறுபாடு நம் பையிலேயே கைவைத்தது.

குறுஞ்செய்தியின் கணக்கு

கையடக்கத் தொலைபேசியின் குறுஞ்செய்தி ஒன்று கொள்ளக்கூடிய அளவு 140 பைற்றுகள். அதாவது 140 × 8 = 1120 பிற்றுகள். ஆங்கில எழுத்துக்கு 7 பிற்றுகள் வீதம் செலவிட்டால் 1120 ÷ 7 = 160 எழுத்துகள். தமிழ்க் குறி ஒன்றேனும் செய்தியில் இருந்தால் முழுச் செய்தியும் குறி ஒன்றுக்கு 16 பிற்றுகள் வீதம் எழுதப்படும் (இங்கு யூடிஎப்-8 பயன்படுவதில்லை). 1120 ÷ 16 = 70 குறிகள். நினைவிற் கொள்க: 70 எழுத்துகள் அல்ல, 70 குறிகள்.

‘நாளை வகுப்பு இல்லை’ என்று அனுப்புவோம். கண்ணுக்கு 9 எழுத்துகளும் 2 இடைவெளிகளும். குறிகளாக எண்ணினால் ‘நாளை’ 4, ‘வகுப்பு’ 7, ‘இல்லை’ 5, இடைவெளி 2; மொத்தம் 18. பிற்றுகள் 18 × 16 = 288. இதையே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதினால் ஏறக்குறைய 19 எழுத்துகள் வரும்; 19 × 7 = 133 பிற்றுகள். பாதிக்கும் குறைவு.

செய்தி நீண்டால் நிலைமை இன்னும் மோசம். 70 ஐத் தாண்டியதும் அது துண்டுகளாகப் பிரியும். துண்டுகளை மறுமுனையில் ஒழுங்காக ஒட்டுவதற்கான விபரத்துக்கு ஒவ்வொன்றிலும் 6 பைற்றுகள் போய்விடுவதால், துண்டொன்றில் 67 தமிழ்க் குறிகளே அடங்கும். 100 குறிகள் உள்ள தமிழ்ச் செய்திக்கு இரண்டு குறுஞ்செய்திகளின் கட்டணம். 100 எழுத்துகள் உள்ள ஆங்கிலச் செய்திக்கு ஒன்று. நம்மவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியதற்குச் சோம்பலை மட்டும் காரணம் காட்டுவது நியாயமன்று. அக்காலத் தொலைபேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இருக்கவில்லை. இருந்தாலும் காசு கூட. இணையவழிச் செய்திச் செயலிகளில் இந்த 70 எல்லை கிடையாது. ஆகவே இன்று அந்தக் காரணமும் இல்லை.

பிற்றுகள் எங்கே தங்குகின்றன?

பரீட்சைக்கு இப்பகுதி சிறியது. முதன்மை நினைவகத்தில் (தற்போக்கு அணுகல் நினைவகம்) பிற்று என்பது ஒரு நுண்ணிய கொள்ளளவியில் தங்கும் மின்னேற்றம். ஏற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அது தானாகவே கசிந்துவிடுவதால் கணினி ஒரு செக்கனில் பல தடவை அதனைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். மின் நின்றால் புதுப்பித்தலும் நிற்கும், எழுதியது அழியும். நீங்கள் இரண்டு மணித்தியாலம் தட்டச்சுச் செய்த செயற்றிட்ட அறிக்கையைச் சேமிக்காமல் விட்டு, மழையில் மின்சாரம் போனால் நடப்பது இதுவே. இத்தகைய நினைவகம் அழிதகு நினைவகம் எனப்படும்.

வன்தட்டில் பிற்றுகள் காந்தத் திசைகளாகவும், இறுவட்டில் பள்ளங்களும் சமதளங்களுமாகவும், பென்டிரைவில் காவலிடப்பட்ட சிறு அறைகளில் அடைபட்ட இலத்திரன்களாகவும் இருக்கும. இவை மின்னின்றியும் நிலைத்திருக்கும், அழிதகா நினைவகம்.

1000 ஆ, 1024 ஆ?

கொழுந்து நிறுக்கும் தராசில் கிலோ என்றால் 1000 கிராம். அதில் மறுபேச்சில்லை. கணினியின் நினைவகமோ இரண்டின் அடுக்குகளில் கட்டப்படுவது. 2¹⁰ = 1024 என்பது 1000 க்குக் கிட்டியதாக இருந்ததால், அதனையும் கிலோ என்றே அழைத்துவிட்டனர். ஆகவே பரீட்சையில்:

1 கிலோபைற்று = 1024 பைற்றுகள்
1 மெகாபைற்று = 1024 கிலோபைற்றுகள்
1 கிகாபைற்று = 1024 மெகாபைற்றுகள்
1 தெராபைற்று = 1024 கிகாபைற்றுகள்

ஆனால் வன்தட்டு, பென்டிரைவ் தயாரிப்போர் தராசுக்காரரைப் போல 1000 ஐயே பயன்படுத்துகின்றனர். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் 16 கிகாபைற்று பென்டிரைவ் வாங்கிக் கணினியில் செருகினார். 14.9 என்று காட்டியது. ஒரு கிகாபைற்றுக்கு மேல் திருடிவிட்டார்கள் என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனார். வீட்டில் பெரியவர்கள் கூடைக்கும் ஈரத்துக்கும் கொழுந்தில் கழிப்பதைப் பற்றிப் பேசக் கேட்டு வளர்ந்தவர், சந்தேகப்பட்டதில் தவறில்லை. ஆனால் இங்கே எவரும் கழிக்கவில்லை. பெட்டியில் எழுதியவர் 16,000,000,000 பைற்றுகளைக் கொடுத்திருக்கின்றார். விண்டோஸ் அதனை 1024 ஆல் மூன்று தடவை வகுக்கின்றது. 16,000,000,000 ÷ 1,073,741,824 = 14.9. பைற்றுகள் அத்தனையும் உள்ளே இருக்கின்றன.

அலகு பெருக்கப் பெருக்க இவ்விடைவெளியும் பெருகும். கிலோவில் 2.4 சதவீதம், மெகாவில் ஏறத்தாழ 4.9, கிகாவில் 7.4, தெராவில் 10. 1 தெராபைற்று வன்தட்டு 931 கிகாபைற்று என்று காட்டுவது இதனாலேயே. இக்குழப்பத்தைத் தீர்க்க 1998 இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1024 க்குக் கிபி, மெபி, கிபி என ஒலிக்கும் புதிய முன்னொட்டுகளை வகுத்தது. தமிழில் எழுதினால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாகிவிடும் என்பது வேறு கதை! உங்கள் விடைத்தாளில் அவை தேவையில்லை.

இன்னொரு வேடிக்கை: இன்று புழக்கத்தில் இல்லாத நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைற்று என எல்லா நூல்களிலும் இருக்கும். அதன் பைற்றுகள் 2 பக்கம் × 80 தடம் × 18 துண்டம் × 512 = 1,474,560. இதனை 1024 ஆல் வகுத்தால் 1440. பின்னர் அந்த 1440 ஐ 1000 ஆல் வகுத்து 1.44 என்றார்கள்! ஒரே எண்ணில் இரண்டு முறையையும் கலந்தது இதுவொன்றே நான் கண்டது. மனனம் செய்யுங்கள், பின்பற்றாதீர்கள்.

உண்மையான மோசடியும் உண்டு. 1 தெராபைற்று என்று எழுதிய பென்டிரைவ் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் எச்சரிக்கையாக இருங்கள். உள்ளே இருப்பது 8 அல்லது 16 கிகாபைற்றாக இருந்தும், பெரிய எண்ணைக் கணினிக்குச் சொல்லுமாறு அதனைத் திருத்தி விற்பவர்கள் உள்ளனர். இடம் நிறைந்த பின் எழுதப்படும் கோப்புகள் பழையவற்றின் மேல் விழுந்து அழியும் அல்லது திறக்காது. 14.9 காட்டுவது நேர்மையானது. நம்ப முடியாத எண்ணைக் காட்டுவதே பயப்பட வேண்டியது.

வேகம் பிற்றில், கோப்பு பைற்றில்

இணைய வேகத்தைச் செக்கனுக்கு இத்தனை மெகாபிற்று என்பர். கோப்பின் அளவை மெகாபைற்று என்பர். இடையில் ஒரு 8 நிற்கின்றது. செக்கனுக்கு 4 மெகாபிற்று வேகம் என்றால் செக்கனுக்கு அரை மெகாபைற்றே இறங்கும். வேகத்தில் கிலோ, மெகா என்பன 1000 இன் அடுக்குகளே என்பதையும் கவனிக்க.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் தொலைபேசிக்கு வந்தபோது, இந்த 8 தெரிந்திருப்பது எத்தனை பெறுமதியானது என்பது தெரிந்தது. வீட்டில் ஒரே தொலைபேசி. அதில் சிறிய டேட்டா பொதி. காணொளி வகுப்பொன்று செக்கனுக்கு 500 கிலோபிற்று எடுக்கும் என வைத்துக்கொள்வோம். ஒரு மணித்தியாலத்துக்கு 500,000 × 3600 ÷ 8 = 225,000,000 பைற்றுகள், அதாவது 225 மெகாபைற்று. 1 கிகாபைற்று நான்கரை மணித்தியாலத்துக்கும் போதாது. படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் செக்கனுக்கு 64 கிலோபிற்றில் கேட்டால் 64,000 × 3600 ÷ 8 = 28,800,000 பைற்றுகள்; 29 மெகாபைற்றுக்கும் குறைவு. அதே பொதியில் 34 மணித்தியாலங்கள். கரும்பலகையைப் பார்க்க வேண்டிய கணித பாடத்துக்குப் படம் வேண்டும். வரலாற்றுப் பாடத்துக்குப் பெரும்பாலும் குரல் போதும். ரீலோட் செய்யுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. ‘கினிகத்தேனை’ என்ற சொல்லை யூடிஎப்-8 முறையில் சேமிக்கத் தேவையான பிற்றுகள் எத்தனை?

2. 640 × 480 படமூலங்கள் கொண்ட, படமூலம் ஒன்றுக்கு 24 பிற்றுகள் வீதம் சேமிக்கப்படும், சுருக்கப்படாத படத்தின் அளவைக் கிலோபைற்றில் தருக.

3. ஒவ்வொன்றும் 4 மெகாபைற்று அளவுடைய புகைப்படங்களில் எத்தனையை 2 கிகாபைற்று இடத்தில் சேமிக்கலாம்? (1 கிகாபைற்று = 1024 மெகாபைற்று)

4. 150 தமிழ்க் குறிகள் கொண்ட செய்தி எத்தனை குறுஞ்செய்திகளாக அனுப்பப்படும்?

விடைகள்

1. குறிகள்: க, இகரக் குறி, ன, இகரக் குறி, க, த, புள்ளி, த, ஏகாரக் குறி, ன, ஐகாரக் குறி = 11. பைற்றுகள் 11 × 3 = 33. பிற்றுகள் 33 × 8 = 264. (33 என்று எழுதி நிறுத்தியவர்கள் வினாவை மீண்டும் வாசிக்கவும்.)

2. 640 × 480 = 307,200 படமூலங்கள். 24 பிற்றுகள் = 3 பைற்றுகள். 307,200 × 3 = 921,600 பைற்றுகள். 921,600 ÷ 1024 = 900 கிலோபைற்று. 1000 ஆல் வகுத்தால் 921.6 வரும், விடை முழுவெண்ணாக வராவிட்டால் வகுத்த எண்ணை ஒருமுறை சரிபார்க்கவும்.

3. 2 × 1024 ÷ 4 = 512 புகைப்படங்கள்.

4. 150 என்பது 70 ஐ விடக் கூடியது. ஆகவே துண்டொன்றுக்கு 67. இரண்டு துண்டுகளில் 134 அடங்கும். மீதி 16 க்கு இன்னொன்று. விடை 3. 150 ஐ 70 ஆல் வகுத்தவர்களுக்கும் 3 என்றே வந்திருக்கும். 138 குறிகளுக்கு ஒருமுறை செய்து பாருங்கள்: 70 ஆல் வகுத்தவருக்கு 2, சரியான விடை 3.